ஏகமனதாக நிறைவேறியது

எங்கள் சங்கத்தில் ஜனநாயகம் செத்தது, தை மாதம் மூன்றாம் ஞாயிறு, பின்னேரம் மூன்றரைக்கு. நேரத்தை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறாய் என்று கேட்காதீர்கள். அதைக் கூட்டறிக்கையில் எழுதி வைத்தவளே நான்தான். என் எழுத்து வடிவானது. செத்த வீட்டுச் செய்தியைக்கூட நான் எழுதினால் ஆசையாக வாசிக்கலாம் என்று ஊரில் சொல்வார்கள்.

என் பெயர் புஸ்பராணி. வயது நாற்பத்தாறு. திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் போய்க் கடல் பக்கம் திரும்பினால் எங்கள் ஆலங்கரை வரும். அங்கே மீனவர் சங்கத்துக்குப் பதினொரு வருடம் செயலாளராக இருந்தேன். ஏன், ஆம்பிளைகள் இல்லையோ என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், தாராளமாக. தொண்ணூற்றிரண்டு அங்கத்தவர்கள். வாடைக் கடலுக்கே பயப்படாத சிங்கங்கள், ஒரு பக்கம் எழுதித் தா என்றால் கை நடுங்கி, "பிள்ளை, நீயே எழுதிவிடு" என்று என்னிடம் தந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு பொதுக்கூட்டம் செல்லுபடியாக முப்பத்தொரு பேர் இருக்கவேண்டும். எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் தேத்தண்ணீருக்கு, ஒருவர் வீட்டில் பெண்சாதியின் வாய்க்குப் பயந்து. என்ன செய்வது? அடுத்த நாள் வரவுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். குசினியில் நின்று ஈரக்கையைத் துடைத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் கையொப்பம் வைப்பார்கள். ஆள் கடலுக்குப் போயிருந்தால் பெண்சாதி வைப்பாள். பெண்சாதியும் சந்தைக்குப் போயிருந்தால்? கொளுத்துகிற வெயிலில் ஒரு வீட்டுக்கு எத்தனை தரம் நடப்பது! நானே வைப்பேன். பிறகு அறிக்கை எழுதுவேன்: "தலைவராகத் திரு. கனகசபை அவர்கள் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். பிரேரித்தவர் இன்னார், ஆமோதித்தவர் இன்னார்." பதினொரு வருடமும் அந்த வசனம் மாறவில்லை. ஊரில் ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை பிடிக்கவும் இல்லை. உலகத்தில் வேறு எந்த நாட்டில் ஜனநாயகம் இவ்வளவு அமைதியாக நடந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.

தலைவர் கனகசபை மாமாவுக்கு எழுபது வயது. நல்ல மனிதர், ஒரு சதம் களவெடுக்காதவர். அவருடைய கொள்கை ஒரே ஒரு சொல்: "பார்ப்பம்." தெருவிளக்கு எரியவில்லை, மாமா. பார்ப்பம். ஐஸ் லொறி மூன்று நாளாக வரவில்லை, மாமா. பார்ப்பம். பதினான்கு வருடம் பார்த்தார். கடைசியில் கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சையும் செய்தார்.

இந்த இடத்தில் எங்கள் இளைஞர்கள் வருகிறார்கள். பொழுது சாயும் நேரம் கரையில் படகுகளின் மேல் ஏறி இருந்து, கைத்தொலைபேசியில் உலகத்தை ஆளுவார்கள். அவர்களில் முதல் தளபதி என் மகன் நிதுசன், வயது இருபத்திரண்டு. போன வருடம் அவனுக்கு முதன்முதலாக வாக்காளர் அட்டை வந்தது. அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்குக் கீழே வைத்தான். மேசை இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. தன் வாக்குரிமையால் ஊருக்கு அவன் செய்த நன்மை அதுவரைக்கும் அது ஒன்றுதான்.

"அம்மா, உந்தத் தேர்தல் கீர்தல் எல்லாம் நேர விரயம்" என்பான். "சிங்கப்பூரைப் பாருங்கோ. ஒரு ஆள் சொன்னா, நடக்கும். எங்களுக்கும் ஒரு கெட்டிக்காரன் வந்து, எல்லாற்றை வாயையும் பொத்தி வைச்சிட்டுச் செய்யவேணும்."

"முதல்லை உன்ர வாயைத்தானடா பொத்துவான்."

"பொத்தட்டுமன். ரோட்டைப் போட்டாச் சரி. நீங்கள் முப்பது வருசமா வோட்டுப் போட்டு என்னத்தைக் கண்டனீங்கள்?"

இந்தக் கேள்விக்கு நான் பலமுறை ஆழமாக யோசித்து, "போய்க் குளி, மீன் மணக்குது" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் தேடிய கெட்டிக்காரன் கட்டாரிலிருந்து வந்து இறங்கினான். பெயர் யுகேந்திரன், முப்பத்துநாலு வயது, கறுப்புக் கண்ணாடி, வீடியோ எடுக்கிற சின்னப் பறக்கும் கமரா ஒன்று. வந்த மூன்றாம் நாளே யாருக்கோ தொலைபேசி எடுத்துத் தெருவிளக்கைக் கொளுத்திவிட்டான். பிறகு கேட்க வேண்டுமா! பையன்கள் எல்லோரும் "அண்ணை, அண்ணை" என்று அவன் பின்னால். சங்கத்தில் சேராமல் இருந்த முப்பது பேரைச் சேர்த்தான், கடலையும் சங்கத்தையும் விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களிடம் விலகல் கடிதம் வாங்கிப் பெயர்களை வெட்டுவித்தான். தொகை பழைய தொண்ணூற்றிரண்டிலேயே நின்றது, ஆள்தான் மாறியது.

அந்தத் தை மாதக் கூட்டத்துக்கு வாசிகசாலை மண்டபத்தில் அறுபத்தேழு பேர் வந்தார்கள். அறுபத்தேழு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதிரை போதாமல் பக்கத்து வீடுகளில் கடன் வாங்கினோம். பதினொரு வருடத்தில் முதன்முதலாக ஒரு பொய்க் கையொப்பம்கூடத் தேவைப்படாத கூட்டம். ஆகா, இளைஞர்கள் விழித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, தேத்தண்ணீருக்கு இன்னும் இரண்டு பால்மா பைக்கற் வாங்கச் சொன்னேன்.

என் மகன் எழும்பினான். "நான் ஒரு பிரேரணை கொண்டு வாறன். இனித் தேர்தல் வேண்டாம். யுகேந்திரன் அண்ணைதான் தலைவர், அவர் போதும் எண்டு சொல்லும் வரைக்கும். கூட்டமும் வேண்டாம். அவர் முடிவெடுப்பார், வட்ஸ்அப்பிலே அறிவிப்பார்."

"அடேய், தேர்தல் வேண்டாம் எண்டுறதுக்கும் வோட்டுத்தானேயடா எடுக்கவேணும்!" என்றேன்.

"எடுங்கோவன். ஆர் வேண்டாமெண்டது?"

எடுத்தேன். ஐம்பத்தெட்டுக் கை உயர்ந்தது. எதிர்த்தவர்கள் ஆறு பேர், நானும் என் கணவர் பிரகலாதனும் சேர்த்து. மூன்று பேர் தொலைபேசியில் இருந்ததால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. உயர்ந்த கைகளில் ஒன்று கனகசபை மாமாவுடையது. கை தூக்கினால் தலைவர் பதவி தனக்கு என்பது அவருக்குப் பதினான்கு வருடப் பழக்கம். கூட்டம் முடிந்து மாலையை யுகேந்திரனுக்குப் போட்டபோதுதான் மனிதருக்கு விளங்கியது. "பிள்ளை, அப்ப நான்?" என்று என்னைக் கேட்டார். "பார்ப்பம், மாமா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். யுகேந்திரன் வேலை செய்தான். மூன்று கிழமைக்குள் ஐஸ் லொறி நேரத்துக்கு வந்தது, கரைக் குப்பை போனது, நாய்களுக்குக்கூட ஊசி போட்டாயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. பிழை பிடிப்போம் என்று பார்த்தால் ஒரு பிழையும் அகப்படவில்லை. என்னைச் செயலாளராகவே வைத்திருந்தான், எழுதுவதற்கு ஒன்றும் தராமல்.

சித்திரை கழிய வந்தான், வீட்டுக்கு. கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

"அக்கா, ஒரு சின்ன அலுவல். கொழும்பிலே இருந்து ஒரு ஹோட்டல்காரர் வந்திருக்கினம். எங்கட வடக்குக் கரையைக் கேக்கினம், வெள்ளையள் சாய்ஞ்சு கிடக்கிறதுக்கு. இருபது பெடியளுக்கு வேலை. எங்கட நிதுசனுக்கு, புறாமலைத் தீவுக்கு ஆக்களைக் கொண்டுபோற போட்டுகளுக்கு மேற்பார்வை. நான் ஓமெண்டிட்டன்."

வடக்குக் கரை என்றால், நாற்பத்தொரு படகு இழுத்து வைக்கிற கரை. மற்றப் பக்கம் முழுக்கக் கல். ஐப்பசியில் வாடை பிறந்து கடல் எழும்பினால், அந்த மணலுக்குத்தான் படகை ஏற்றி மூன்று மாதம் உயிரைக் கையில் பிடித்திருப்போம். என் மனிதரின் படகும் அதில் ஒன்று. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் படகால்.

"வாடைக்குப் படகை எங்கை இழுக்கிறது, தம்பி?"

"கழிமுகத்தடிக்குக் கொண்டுபோகலாம் அக்கா. ஒரு கிலோமீற்றர்தானே. அதை நான் பாத்துக்கொள்ளுறன். இப்ப பிரச்சினை என்னெண்டா, சங்கங்களைப் பாக்கிற கந்தோரிலே என்ர கடிதம் மட்டும் போதாதாம். மூண்டிலே ரெண்டு பங்கு அங்கத்தவர் கூடி ஒப்புக்கொண்ட அறிக்கை வேணுமாம். அறுபத்திரண்டு சைன்."

"அப்ப கூட்டத்தை வையும்."

"கூட்டம் வேண்டாமெண்டு தீர்மானிச்சிட்டமே அக்கா. நாங்களே அதை மீறலாமோ?" பகிடியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீங்கள் எழுதுங்கோவன். உங்களுக்கு இது புதுசே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏறியதற்குக் காரணம், அவன் சொன்னது உண்மை. கனகசபை மாமாவைத் தலைவராக்கி எழுதினால் ஊருக்கு நட்டமில்லை, மாமா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இது கரை. நான் ஒரு பக்கம் எழுதினால் நாற்பத்தொரு குடும்பம் நடுத்தெருவில்.

"தேத்தண்ணி குடிச்சிட்டீர்தானே?" என்றேன்.

"ஓம் அக்கா."

"அப்ப நடவும்."

போய்விட்டான். அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நிதுசன் வெளியே வரவில்லை. எனக்கு அன்றைக்கு முழுக்க ஒரே பெருமை. உத்தமி என்றால் நான்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு கறி கூடச் சமைத்தேன்.

இரண்டு கிழமை கழிந்து ஒரு விடியற்காலை, கடலுக்குப் போன என் மனிதர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"இஞ்சேரும், நீர் எழுதிக் குடுத்திட்டீரோ?"

"எதை?"

"வடக்குக் கரையிலே வேலிக்குக் கட்டை இறுக்கிறாங்கள். ஆரைக் கேட்டு எண்டு கேட்டா, உம்மட அறிக்கையைக் காட்டுறாங்கள்."

தொலைபேசியில் படம் பிடித்து வந்திருந்தார். பார்த்தேன். என் எழுத்து. என் வசனம். "ஏகமனதாக நிறைவேறியது" என்று முடிகிற இடத்தில் நான் போடுகிற இரட்டைக் கோடுகூட அப்படியே. கீழே அறுபத்தெட்டுக் கையொப்பங்கள். அதில் கமலேஸ்வரி அக்காவினுடையதும் ஒன்று. அவர் புருசன் கடலோடு போன பிறகு, அவருடைய இடத்துக்கு அங்கத்தவராக வந்தவர். அவரும் செத்து ஆறு வருடம். பெயரை நீக்கலாம் என்றால் அதற்கு ஒரு கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு ஆட்கள் வேண்டும். ஆட்கள் போதாதபடியால் அவரையும் வைத்துக்கொண்டோம். யுகேந்திரன் பெயர்களை வெட்டியபோதும் அவர் தப்பிவிட்டார், ஊரைவிட்டுப் போகாதவர் என்ற தகுதியில். அவருடைய ஒப்பத்தை நடுங்குகிற கையால் போட்டது போல வளைத்து வளைத்து ஆக்கியவள் நான். அது அச்சொட்டாக அப்படியே இருந்தது.

இருபத்துநாலு வருடம் ஒன்றாக வாழ்ந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை எதிரிக்கும் விரும்பமாட்டேன். "நான் எழுதேல்லை" என்றேன். அவர் மீண்டும் தொலைபேசியைப் பார்த்தார். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நிதுசன் கட்டிலில் கிடந்தான். படத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"டேய், இது ஆர் எழுதினது?"

"நான்தான்." கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். "நல்லா வந்திருக்கு, என்ன?"

"பாழ்படுவானே! பொய்யெல்லேடா இது?"

எழும்பி இருந்தான். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"எது பொய்யில்லை, சொல்லுங்கோ. பன்னிரண்டு வயசிலே என்னை மேசையிலே இருத்தி, வரவுப் புத்தகத்திலே கோடு கீறச் சொன்னனீங்கள். பதினாலு வயசிலே ஆறு பேற்றை சைனை நான்தான் போட்டனான், நீங்கள் அடுப்படியிலே நிண்டபடியால். 'என்ர கெட்டிக்காரன்' எண்டு முட்டை பொரிச்சுத் தந்தனீங்கள். மறந்து போச்சோ?"

"அது வேற, இது வேறயடா. இது கரை!"

"தேர்தல், உரிமை எண்டு எனக்குப் பாடம் எடுக்கிறியள். நான் கண்ணாலே கண்ட தேர்தல் எல்லாம் உந்தக் குசினி மேசையிலேதான் நடந்தது. யுகேந்திரன் அண்ணையைத் தெரிவு செய்த அண்டைக்குத்தான் முதன்முதல் ஆக்கள் வந்து, கை தூக்கி, எண்ணினதைப் பாத்தனான். அதுக்கும் நீங்கள் ஏசினீங்கள்."

"அப்பாடை படகை எங்கை இழுக்கிறதாம்?"

"கழிமுகத்தடியிலே. அண்ணை சொன்னவர்."

"அண்ணை வாடைக் கடலிலே படகு இழுத்தவரோ? அந்தக் கழிமுகம் ஐப்பசியிலே எப்பிடி வாய் திறந்து படகை அள்ளும் எண்டு அப்பாவைக் கேட்டனியோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று ஊரில் எத்தனை பெண்களை நான் நக்கலடித்திருக்கிறேன்! குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கரையை நினைத்து அழவில்லை. வெட்கத்தில் அழுதேன்.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் நகரத்துக்குப் போனேன். கந்தோரில் சங்கங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் சுஹைரா என்கிற பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும், கிண்ணியாப் பக்கம். நான் சொல்வதை அவ அமைதியாகக் கேட்டா.

"மிஸ், இந்த அறிக்கை பொய். கூட்டம் நடக்கவே இல்லை. பாருங்கோ, கமலேஸ்வரி எண்டு சைன் இருக்கு. அந்த மனுசி செத்து ஆறு வருசம்."

அவ எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து எங்கள் சங்கத்துக் கோப்பை எடுத்து வந்து விரித்தா. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினா.

"இது மூணு வருசத்துக்கு முந்தினது. 'ஆமோதித்தவர் கமலேஸ்வரி.' இது அதுக்கு அடுத்தது. இதிலயும் அவதான். மவுத்தான பொறகு நல்லாச் சுறுசுறுப்பா இருந்திருக்கா."

நான் சேலைத் தலைப்பைத் திருகினேன்.

"எழுத்தும் உங்கட எழுத்து. ஒப்பமும் அதே ஒப்பங்கள்தான். இது பொய் எண்டா அதெல்லாம் என்ன? அதெல்லாம் மெய் எண்டா இதுவும் மெய்தான். ரெண்டில ஒண்டச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறன்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் யோசித்தேன். மெய் என்று சொன்னால், நான் உத்தமச் செயலாளர், ஐப்பசியில் படகு கடலில். பொய் என்று சொன்னால், பதினொரு வருடத்துக் களவும் என் தலையில்.

"பொலிசுக்குப் போகுமோ, மிஸ்?"

"போகலாம். போகாமலும் விடலாம். நீங்க எழுதித் தாறதப் பாத்துத்தான்."

தாள் கேட்டு வாங்கி எழுதினேன். பதினொரு வருட அறிக்கைகளும் பொய், கூட்டத்துக்கு ஆட்கள் வந்ததில்லை, செத்தவர்களுக்கும் நான் ஒப்பம் போட்டேன் என்று எழுதினேன். இந்தத் தை மாதத்து அறிக்கை மட்டும் சத்தியமாக உண்மை என்றும் எழுதினேன். வாசித்துவிட்டுச் சுஹைரா கேட்டா:

"இந்தக் கடைசி அறிக்கை? கரை சம்பந்தமானது? இதையும் நீங்கதான் எழுதினீங்களா?"

"ஓம் மிஸ், நான்தான்."

"அப்ப நீங்களே எழுதி, நீங்களே முறைப்பாடும் கொண்டு வந்திருக்கீங்க."

"ஓம் மிஸ். எனக்குக் கொஞ்சம் விசர்."

பிறகு ஒன்றும் கேட்காமல் அதையும் எழுதச் சொன்னா. பதினொரு பொய்யை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில், மகனுக்காகப் புதிதாக ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இதற்காக நான் வருந்தவில்லை, இன்றைக்கும்.

ஒரு மாதத்துக்குள் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கரை கரையாகவே இருக்கிறது. என் மனிதர் அன்றைக்கு வந்து, "எனக்கு நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார். சொன்னேனே, நம்பினீர்களா என்று கேட்க வாய் வந்தது. அதிசயமாக அடக்கிக்கொண்டேன்.

ஆனால் பாருங்கள், புத்தகமே பொய் என்று நான் எழுதிக் கொடுத்தபடியால் சங்கத்தின் தெரிவுகள் எல்லாம் செல்லாது என்று கந்தோரில் முடிவெடுத்தார்கள். எல்லாம் என்றால், அந்தத் தை மாதத்து உண்மையான தெரிவும்தான். யுகேந்திரனின் பதவி போயிற்று. சங்கத்தை நடத்த ஒரு உத்தியோகத்தரை நியமித்தார்கள். கரையைக் கொடுத்ததை ரத்துச் செய்து ஒப்பம் போட்டவரும் அவர்தான். செவ்வாய்க்கிழமைகளில் வருவார், மூக்குக் கண்ணாடியை மாட்டுவார், ஒரே ஒரு கையொப்பம் போடுவார், போவார். கூட்டம் இல்லை, தேர்தல் இல்லை, தேத்தண்ணீர்கூட இல்லை. பொலிசுக்கு அனுப்பாமல் விட்ட புண்ணியத்துக்கு, ஐந்து வருடம் சங்கத்தில் பதவியோ ஒப்பமோ எனக்கு இல்லை என்றும் கடிதம் வந்தது.

ஊருக்கு ஒரே கொண்டாட்டம். பையன்கள் கரையில் வெடி கொளுத்தினார்கள். "பாத்தியளே, அக்கா? ஒரு ஆள், ஒரு சைன், கரை மீண்டிட்டுது! இதைத்தான் நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். யுகேந்திரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. உத்தியோகத்தரைப் பஸ் தரிப்பிடத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்தான். கனகசபை மாமா அந்த மனிதருக்கு மாலை போட்டார். "நல்ல மனுசன், பிள்ளை. எங்களிட்டை ஒண்டும் கேக்கிறேல்லை" என்று பூரித்துப் போனார்.

மீண்டும் தேர்தல் எப்போது என்று சுஹைராவைத் தொலைபேசியில் கேட்டேன்.

"இருபத்திமூணு அங்கத்தவங்க எழுதிக் கேட்டா வைக்கலாம்." தொலைபேசியை வைக்க முதல் சொன்னா: "உயிரோட இருக்கிறவங்க."

தாளை எடுத்துக்கொண்டு மீண்டும் வீடு வீடாக இறங்கினேன். இந்த முறை எல்லா வீட்டுப் படலையிலும் நின்று, இது என்ன, எதற்கு என்று விளங்கப்படுத்தினேன். ஆயிரம் தரம் கேட்காமல் ஒப்பம் வைத்த சனம், விளங்கப்படுத்தினவுடன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. "இப்ப நல்லாத்தானே போகுது, ஏன் சும்மா கிண்டுவான்?" என்றார்கள் பெரியவர்கள். "தேர்தலோ? பகிடி விடாதேங்கோ அக்கா" என்றார்கள் இளையவர்கள். தலைமுறை இடைவெளி என்கிறார்களே, அப்படி ஒன்றை நான் காணவில்லை. எங்கள் ஊரில் இதில்தான் உண்மையாகவே ஏகமனது. கனகசபை மாமா மட்டும் இரக்கப்பட்டார். "வெயிலுக்கை ஏன் அலையிறாய் பிள்ளை? எனக்கும் சேர்த்து நீயே போட்டு விடன்" என்றார்.

மூன்று நாள் நடந்தேன். கிடைத்தது ஒன்று, என் மனிதரினுடையது. அதுவும் இரவுச் சாப்பாடு இல்லை என்று சொன்ன பிறகு.

மூன்றாம் நாள் பின்னேரம் தாளை மேசையில் வைத்துவிட்டு, காலை நீட்டி இருந்தேன். உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. ஹோட்டல் வேலையும் போய், அப்பாவோடு கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்த நிதுசன் பக்கத்தில் வந்து நின்றான். கரைக் கதைக்குப் பிறகு எங்களுக்குள் அவ்வளவு பேச்சில்லை. கந்தோரில் அவனுடைய பிழையையும் நான் ஏற்றுக்கொண்டது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

தாளைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"இருபத்திரண்டு குறையுது, என்ன?" என்றான். "பேனையைத் தாங்கோ அம்மா. பத்து நிமிசத்திலே முடிச்சுத் தாறன். நீங்கள் இனி நடக்க வேண்டாம்."

நக்கலாகச் சொல்லியிருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். நக்கல் இல்லை. பிள்ளை என்மேல் உள்ள பாசத்தில் கேட்கிறான். எனக்குத் தேர்தல் வேண்டும் என்றால், எனக்காக அதையும் பொய்யாகச் செய்து தருவான். பேனையைக் கொடுத்தேன், ஆனால் தாளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"மற்றவையின்ரை வேண்டாம். உன்ர ஒண்டைப் போடு."

"என்ர ஒண்டாலே என்ன வரும்?"

"தெரியாது, ராசா" என்றேன். "நான் ஒரு நாளும் உண்மையா எண்ணிப் பாத்ததில்லை."

அவன் பேனையை வைத்துக்கொண்டு இருந்தான். ஊரில் பாதிப் பேருடைய கையொப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவன், தன்னுடையதைப் போடுவதா வேண்டாமா என்று அவ்வளவு நேரம் யோசித்தான். நான் அவசரப்படுத்தவில்லை.